நைனா இடித்த நண்டு ரசம்

எங்கள் நைனா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. அவர் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் சொந்தங்களுக்கும் குப்பத்துப் பெரியவர்களுக்கும் இந்த நினைவு மடல் வழியே மூத்த மகளின் வணக்கம்.

நைனா பிறந்ததும் வளர்ந்ததும் நொச்சிக்குப்பம்தான். கடல் பொங்கிய வருஷம் படகும் வலையும் போயின. பிறகு அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்த்தான் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். அம்மா தவறியபின் அடுப்பும் அவர் கைக்கு வந்தது. அவர் வைக்கும் சாம்பாரை நாய்கூடச் சீண்டாது. ஆனால் நண்டு ரசத்தில் அவரை அடிக்க ஆளில்லை. பொடி நண்டுகளை மிளகு, சீரகம், பூண்டோடு கல்லுரலில் போட்டு, ஓடு நொறுங்க இடித்து, சாற்றை வடிகட்டிக் கொதிக்க விடுவார். குப்பத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும் தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அரசு கட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடி கிடைத்ததும் கீழ்வீட்டு அத்தையோடு உலக்கைச் சண்டை தொடங்கியது.

"இன்னா அண்ணாத்த, என் தலையிலயே இடிக்கிற?"

"உள்ள காலியா கீதும்மா, அதான் சத்தம் கேக்குது" என்பார் நைனா. அத்தை ஒரு வாரம் பேசமாட்டார்.

கடைசி நாட்களில் நைனாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. ஒருநாள் மதியம் அவராகவே நண்டு ரசம் கேட்டார். தம்பி அவசரத்தில் நண்டை மிக்ஸியில் அரைத்துவிட்டான். ஓடு மாவாகி ரசமெல்லாம் நறநறத்தது. நைனா துப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் வயிற்றோடு போய்விடுவாரோ என்று பயந்தேன்.

மீதி நண்டை உரலில் போட்டேன். அத்தை தூங்கும் நேரமாயிற்றே என்று அடியில் சாக்கு விரித்து மெல்லத் தட்டினேன். ஓடு உடையவே இல்லை. அதற்குள் அத்தை வாசலில் நின்றார்.

"சத்தம் கேக்குதா அத்தை? நிறுத்திடறேன்."

"நிறுத்தச் சொல்லவா வந்தேன்? நண்டுக்கு வலிக்கும்னு தடவிக் குடுத்துக்கினு கீற! தள்ளு."

சாக்கை உருவி எறிந்துவிட்டு அத்தை உட்கார்ந்து இடித்தார். மாடியே அதிர்ந்தது. கட்டிலில் நைனா கண்ணைத் திறந்தார். அரை டம்ளர் ரசத்தை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். அந்த வாரமே எங்களை விட்டுப் போனார்.

தோள் கொடுத்த படகுக்காரர்களுக்கும், ராப்பகலாகக் கூட இருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு நேரில் நன்றி சொன்னால் அடிக்க வருவார். அதனால் அச்சில் சொல்கிறேன். அத்தை, எங்கள் நைனா பசியோடு போகவில்லை.