பச்சைச் சில்லு

ரசாயன ஆலைகள் நிறைந்த டிராம்பேக்குப் போகும் காலை பஸ்ஸில் அவர் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்கார்வார். ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். ஒல்லியான ஆள், அமிலம் பட்டு வெளுத்த விரல்கள். செம்பூர் தாண்டியதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் நகமளவு பச்சைச் சில்லைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடிவிடுவார். தினமும் இதே வேலை.

அடுத்தவர் கையில் இருப்பதை எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“இதுல சாயம் ஒண்ணும் கெடையாது, அண்ணாச்சி,” என்றார். “கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டையளத் தண்ணியில அடுக்கடுக்காப் படியவிட்டு, இடையில பிளாஸ்டிக்கை இறக்கணும். பொறவு உருண்டையள அமிலத்துல கரைச்சா வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அந்த ஓட்டை அடுக்குல வெளிச்சம் பட்டுத் திரும்புததுதான் இந்தப் பச்சை. ஓட்டைக்குள்ள கெமிக்கல் ஆவி புகுந்துட்டுன்னா செவந்துரும்; ஆவி வெளிய போனா மறுபடி பச்சையாயிரும்.”

“என்ன கெமிக்கல்?”

“அத இது சொல்லாது. வந்துட்டுன்னு மட்டுந்தான் சொல்லும்.”

போன மாதம் ஒரு காலையில், திறந்த கூட்டை அவர் வெகுநேரம் மூடவில்லை. சில்லு செங்கல் நிறத்தில் இருந்தது. எனக்கு வழக்கமான டீசல் வாசனைதான் தெரிந்தது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கூட்டை என் கையில் வைத்தார்.

“பச்சையானா ஜன்னலத் தெறந்துக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் அதே காற்றுக்குள் இறங்கிப் போனார். ஏன் இறங்கினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை.

சில்லு இப்போது செம்பூரில் என் படுக்கையறையில் இருக்கிறது. எல்லா ஜன்னலையும் சாத்தியே வைத்திருக்கிறேன். அது இன்னும் பச்சையாகவில்லை.