வலது ஓரம்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் நடந்த பெரிய சண்டை, என் இரண்டு கால்களை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஓசூரில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித் தரும் கோச் ஒருவரிடம் என்னைச் சேர்க்க வேண்டும் என்றாள் அம்மா. சித்தப்பாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எதுக்கு அண்ணி கோச்சு? அவளுக்கு ஓடத் தெரியாதா, இல்ல எனக்கு டைம் பாக்கத் தெரியாதா?"

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். தொழிற்பேட்டையில் மெஷின் செட்டர். மெஷினில் அளவு வைத்துக் கொடுப்பார், அதன்படி பீஸ் வெட்டப்பட்டு வரும். தன் பக்கம் தவறு என்று அவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அவர் ரிப்பேர் பார்த்த மிக்ஸி புகைந்தபோதும் பழி கரண்ட் மேல்தான் விழுந்தது.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. கிருஷ்ணகிரியில் நடக்கும் மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் சித்தப்பாவே என் கோச். வராவிட்டால் அம்மா சொன்ன ஆள். எனக்குச் சித்தப்பாதான் வேண்டும். அந்த கோச் சிரிக்கவே மாட்டாராம், என் தோழி சொல்லியிருந்தாள்.

சித்தப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். விடிந்ததும் என்னைக் கிளப்பிக்கொண்டு மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குப் போவார். சுவரைச் சுற்றித் தார் ரோடு. கம்பெனி பஸ்ஸும் டிப்பர் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரத்தில் வாசகம் எழுதி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவர் அல்லவா, முதல் பாடமே பாதுகாப்புதான். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வலது ஓரத்தை விடாமல் ஓட வேண்டும். அவர் போனில் நேரம் பார்த்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, பீரோவில் ஒட்டுவார். நேரம் குறையக் குறைய, கோடு நாளுக்கு நாள் இறங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தியாவுக்கு ஓடும்போது என்ன கலர் ரிப்பன் கட்டலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

போட்டி அன்று அம்மாவும் வந்திருந்தாள். எண்ணூறு மீட்டர், மைதானத்தை இரண்டு சுற்று. எங்கள் பள்ளி மைதானம் கைக்குட்டை அளவுதான், ஆகவே சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். விசில் ஊதியதும் எல்லாரும் இடப்பக்கம், உள்கோட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். நான் மட்டும் சித்தப்பா சொன்னபடி வலது ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, நெரிசலே இல்லை! முட்டாள்கள், எல்லாரும் அங்கே போய் இடித்துக்கொள்கிறார்களே என்று எனக்கு ஒரே குஷி.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். படபடப்பு வந்தால் சித்தப்பாவுக்குக் கன்னடம்தான் வரும். "பேகா, பேகா", சீக்கிரம் சீக்கிரம் என்று அவர் கத்துவது என் மூச்சையும் மீறிக் கேட்டது. கடைசியில் இருவர்தான் முன்னால். எட்டிப் பிடிக்கப் போனேன், அதற்குள் முடிவுக் கோடு வந்துவிட்டது. மூன்றாவது. ஒரு கை நீளம்தான் வித்தியாசம்.

சித்தப்பாவுக்குப் பின்னால் யாரோ, அந்தப் பொண்ணு எதுக்கு அத்தனை தூரம் சுத்திக்கினு ஓடுது, உள்ளே ஓடியிருந்தா ஜெயிச்சிருக்குமே என்று பேசிக்கொண்டு போனார்கள். அவர் இதை வைத்தே வாதாடி அம்மாவை மடக்கிவிடுவார் என்று பஸ் முழுக்கக் காத்திருந்தேன். அவரோ ஓசூர் வரும்வரை பஸ் டிக்கெட்டின் பின்புறம் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்துகொண்டே வந்தார்.

மறுநாள் காலை காம்பவுண்டுக்குச் சித்தப்பாவின் வண்டி திரும்பவில்லை. நேராக அந்த கோச்சிடம் போய் நின்றது. சித்தப்பா பீரோவிலிருந்து உரித்த கிராஃப் தாளை மடிப்புப் பிரித்து நீட்டினார்.

"பீஸ் சுத்தமான பீஸ் சார். செட்டிங்லதான் கோளாறு."

சிரிக்காதவர் என்று பெயரெடுத்த கோச் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. ஒரே ஒரு தரம் தோற்றதற்கு என்னைக் கோளாறு என்று சொல்லி, ரிஜெக்ட் பீஸ் மாதிரி வேறொருவர் கையில் தள்ளிவிட்டாரே! ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சித்தப்பா தன் தவறை ஒப்புக்கொண்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம். நான் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், காலால் மண்ணை எத்தியபடி.