மைக் முன்னால் இரண்டு கிதார்

நாவலூரில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டு இளைஞன் புதிதாகக் கிதார் வாங்கியிருக்கிறான். கைக்குழந்தை அளவுதான் இருக்கிறது. "பெரிசா வாங்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன். "பெருசுல முழக்கம் ஜாஸ்தி தாத்தா. மைக் வெச்சா கொழகொழன்னு ஆயிடும். சின்னதுதான் தெளிவா கேக்கும்" என்றான். அந்தப் புது வார்னிஷ் வாசனையோடு இதையும் கேட்டதும் எனக்குப் பழைய மைக் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பிறவியிலேயே சந்தேகப் பிராணி. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என்னிடம் ஒரு பெரிய கிதார் இருந்தது. சீமைக்குக் கப்பலேறிப் போன ஆங்கிலோ இந்தியன் ரயில் கார்டு ஒருவர் விட்டுப் போனது. அதன் ஓட்டையில் மூக்கை வைத்தால் வார்னிஷும் சுருட்டும் கலந்து மணக்கும்.

என் சிநேகிதன் யூசுப்பிடம் இருந்தது சின்னது. பஜாரில் நூல்கண்டு, பொத்தான் விற்கும் கடை அவன் வீட்டாருடையது. அறைக்குள் உட்கார்ந்து வாசித்தால் என் கிதாருக்கு ஜன்னல் அதிரும். அவனுடையது கொசு மாதிரி ரீங்கரிக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்! பாட்டுக்காரர் ஒருவரோடு நாங்கள் இரண்டு பேரும் கல்யாணங்களுக்குப் போவோம். மைக் இல்லாத சின்னக் கல்யாணங்கள்.

முதல்முதலாக மைக் வைத்தது மகாபலிபுரத்தில் ஒரு கல்யாணத்தில். பந்தலில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே மைக், தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். வாசிக்க ஆரம்பித்தால் யூசுப்பின் ஒவ்வொரு தந்தியும் மணிமணியாகக் கேட்கிறது. என்னுடையது பானைக்குள் பேசுகிற மாதிரி ஒரே முழக்கம். "யோவ் பெரிய பொட்டி, அடங்குய்யா! பாட்டு இன்னான்னே கேக்கல" என்று பந்தியிலிருந்து ஒருவர் கத்தினார்.

காலையில் யூசுப் மைக் செட்காரருக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். இருவரும் சிரித்துப் பேசினார்கள். அது போதாதா எனக்கு? முதலில் யாராவது துணி அடைத்திருக்கிறார்களா என்று கிதார் ஓட்டைக்குள் கைவிட்டுத் துழாவினேன். செத்த கரப்பான்பூச்சி ஒன்று கிடைத்தது. பிறகு எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்: "மைக்க உம் பக்கம் திருப்பி வெக்கச் சொன்னியா?"

"பசிக்குதுன்னாரு, வாங்கிக் குடுத்தேன். நா பித்தலாட்டம் பண்ணுவனா மச்சான்?" என்றான் யூசுப். "இந்தா, என்னுத நீ வாசி."

மாற்றிக்கொண்டோம். இப்போது ஸ்பீக்கரில் மணிமணியாக நான்; முழக்கம் அவன். புத்தியுள்ளவனுக்கு அங்கேயே விளங்கியிருக்கும், பெட்டியின் பருமன்தான் காரணம் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாட்டிக்கினதால வேணும்னே கெடுத்து வாசிக்கிற."

 யூசுப் என் கிதாரைப் பாயின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, தன்னுடையதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவன் வாசிக்க வரவில்லை.

சமாதானம் பேசலாம் என்று கடைக்குப் போனேன். "இன்னா வோணும் சார்?" என்றான். சார்! கறுப்பு நூல்கண்டு கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்புறம் மாற்றலாகும் வரை மாதம் ஒரு தடவை போவேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நூலோடு வருவேன். பாதி வெட்கம்; பாதி, ஒருவேளை செய்துதான் இருப்பானோ என்ற பாழாய்ப்போன சந்தேகம்.

எதிர்வீட்டு இளைஞன் சொன்ன மறுநாளே செங்கல்பட்டுக்குப் போனேன். நூல்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. யூசுப் இறந்து ஆறு வருஷமாம்.

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வாடிக்கைக்காரன்" என்றேன்.