சுவாமி விளக்கும் காற்றுத் துவாரமும்

வாடகை வீட்டின் எரிவாயு ஹீற்றரை உரிமையாளர் ஆண்டுதோறும் பரிசோதிப்பிக்க வேண்டும் என்பது சட்டம். லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. நான் பதிவுத் தபாலில் அனுப்பிய மூன்று கடிதங்களையும் உரிமையாளருக்காக வீட்டைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சி விழுங்கிவிட்டது.

1996 ஜனவரியில், ஹீற்றருக்கு அருகே சுவரிலிருந்த காற்றுத் துவாரத்தால் சுவாமி விளக்கு அணைகிறதென்று மனைவி அதைப் பழஞ்சேலையால் அடைத்தார். அன்றே ஹீற்றரின் சுவாலை மஞ்சளாகி, இருவருக்கும் தலை சுற்றியது. பக்கத்து வீட்டுத் தாதி, "நச்சுவாயு அன்ரி, வெளியில வாங்கோ!" என்று இழுத்திராவிட்டால் இதை எழுத நானில்லை.

"விளக்கைக் காப்பாத்தி எங்களையெல்லோ அணைக்கப் பாத்தனீர்!" என்றேன்.

"நீங்கள் கடிதம்தானே எழுதினனீங்கள், நான் ஏதோ செய்தனான்," என்றார்.

இப்போது விளக்கு வேறு மூலையில் எரிகிறது, துவாரம் திறந்திருக்கிறது. சுவாலை மஞ்சளானால் கடிதம் எழுதமாட்டேன். ஹீற்றரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுவேன்.

பரிசோதகரை அனுப்புவதாக ஏஜென்சியின் பதில் வந்த நாள்: அதே ஆண்டு ஜூலை 9.