சுபைறா டிரக்டர்காரரிடம் சொன்னது

சுபைறாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கல்முனைக்குடியில் அந்த ஒழுங்கைக்குள் யாரும் இல்லை. மீன்காரர் அவள் வீட்டு வாசலில் மட்டும் மீனின் செவுளைத் தானாகவே விரித்துக் காட்டிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். கரண்ட் வாசிக்க வருகிறவர் மீற்றரை இரண்டு தரம் பார்த்து எழுதுவார். மகளுடைய கலியாணத்துக்குக் கதிரை வாடகைக்குக் கொடுத்தவர், கால் ஆடுகிற கதிரைகளைத் தானே பொறுக்கித் திருப்பிக் கொண்டுபோனார். அதற்கு அவள் வாயைத் திறக்கக்கூட இல்லை. வாசலில் வந்து நின்றதோடு சரி.

அப்படிப்பட்ட சுபைறா ஒரேயொரு ஆளோடு மட்டும் இதுவரைக்கும் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை. அந்த ஆள் அவளுடைய வளவுக்குள்ளேயே இருந்தார். அவள் ஆக்கிய சோற்றைத்தான் தின்றார். அவர் அவளுடைய மருமகன் றிஸ்மி.

அந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். சுபைறாவும் கணவர் சரீபும் அப்படித்தான் முன்வீட்டை மகள் முஸ்பிறாவின் பெயருக்கு எழுதிவிட்டு, குசினிக்கு ஒட்டினாற்போல் கட்டிய இரண்டு அறைக்குள் போனார்கள். வீடு கைமாறியது போலவே இன்னொரு பழக்கமும் கைமாறியது. மாமியார் மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, நேருக்கு நேர் கதைப்பதில்லை. சுபைறாவின் உம்மா, சரீபோடு சாகும்வரைக்கும் கதைக்கவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, 'இறைச்சி இன்னும் கிடக்குதெண்டு சொல்லு மகள்' என்று சட்டியை மட்டும் நீட்டுவா. புதுப்பெண்ணாக இருந்த சுபைறா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள். தன்னுடைய மருமகனோடு கேற்றடியில் நின்று ஊர்க்கதை பேசப்போவதாகச் சபதமும் போட்டவள்.

ஆனால் கலியாணத்தன்று றிஸ்மி வந்து ஸலாம் சொன்னபோது அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டன. அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை. மார்க்கத்தில் இதற்குத் தடையே இல்லை, மருமகன் மகன் மாதிரி என்று சரீப் பல தரம் எடுத்துச் சொன்னார். மார்க்கத்துக்கு வெட்கம் இல்லாமல் இருக்கலாம், தனக்கு இருக்கிறது என்று சுபைறா சொல்லி, சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தாள். முஸ்பிறா வட்ஸ்அப்பில் ஒரு குடும்பக் குழு தொடங்கிப் பார்த்தாள். அதில் றிஸ்மி ஒரு ஸலாம் போட்டதும், தான் எழுதிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு சுபைறா குழுவை விட்டே வெளியேறினாள்.

வீடு, கிணறு, தென்னை எல்லாம் காணி உறுதியில் எழுதியாகிவிட்டது. முன்வளவின் பூந்தோட்டத்தைப் பற்றி மட்டும் உறுதியில் ஒன்றும் இல்லை. ஆகையால் அது தன்னுடையது என்று சுபைறா தனக்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தாள். செவ்வரத்தை, நித்தியகல்யாணி, சுவரில் ஏறிய மல்லிகை, சாடியில் ரோசா எல்லாம் இருந்தன. ஆனால் அவளுடைய உயிர் கேற்றடிப் பாத்தியில் இருந்தது. அது முழுக்கப் பத்துமணிப்பூ. சிவப்பு, வெள்ளை, ஊதா என்று ஊரெல்லாம் கேட்டு வாங்கி ஊன்றியவை. அதில் மஞ்சள் பூ ஒன்றுக்கு நடுத்தொண்டை மட்டும் சிவப்பாக இருக்கும். சந்தையில் மரக்கறி விற்கிற செல்லத்தங்கத்தின் காரைதீவு வீட்டில் ஒரு கிள்ளு வாங்கி, நனைத்த லேஞ்சித் துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அது. பத்து மணிக்கு வெயில் ஏறப் பாத்தி முழுவதும் ஒன்றாகக் கண் விழிக்கும். பக்கத்து வீட்டு ஜெனூபா சுவருக்கு மேலால் தலையை நீட்டிப் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு சுபைறாவுக்கு ஒரு நாள் சாப்பாடு மாதிரி.

சித்திரையில் பெய்த மழையோடு களை பிடித்துக்கொண்டது. கோரை, குப்பைமேனி, தகரை என்று நிலம் தெரியாமல் முளைத்தன. சுபைறா பலகையில் குந்தி, முனை உடைந்த கத்தியால் ஒவ்வொன்றாகக் கிளப்பி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் குலம் கோத்திரத்தைச் சொல்லித்தான் எறிவாள். இந்தத் தரம் பாதித் தோட்டத்தோடு முழங்கால் மறுத்துவிட்டது. அன்றிரவு உம்மாவுக்கு முழங்கால் நோவு என்று முஸ்பிறா புருசனிடம் சொன்னாள். வினை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமை காலை சுபைறா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது முன்வளவில் 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தாள். றிஸ்மி சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கிழமை நாளில் அவருக்கு ஏசி திருத்துகிற வேலை. பிறந்தது நிந்தவூரில், வயல்காரக் குடும்பத்தில். கோரையைக் கிழங்கோடு எடுத்து, மண்ணை உதறி, உரப்பைக்குள் போட்ட நேர்த்தியைப் பார்த்து அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நல்ல பிள்ளையைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு முடிவதற்குள் அவர் கேற்றடிப் பாத்திக்குப் போய்விட்டார்.

நேரம் எட்டும் ஆகவில்லை. பத்துமணிப்பூ அந்த நேரத்தில் பூவே இல்லை. தடித்த சின்ன இலையும் மூடிய மொட்டுமாக, வரம்போரத்தில் படர்கிற ஏதோ பூண்டு மாதிரித்தான் கிடக்கும். நிந்தவூர்க்காரர் வயல்காரனுடைய கண்ணால் அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அள்ளினார்.

சுபைறாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மீன்காரரைச் சந்தி வரைக்கும் துரத்துகிற அந்தத் தொண்டை, சொந்த மருமகனுக்கு முன்னால் கிணற்றில் விழுந்த வாளியாகிவிட்டது. முஸ்பிறா சனிக்கிழமை வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய போனும் நிறுத்திக் கிடந்தது. கரைவலை மீனுக்குப் போயிருந்த சரீபுக்கு அழைத்தாள். சரீபின் போன் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்து மணியடித்தது. ஜெனூபாவின் கதவில் பூட்டு. அக்கரைப்பற்றுக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று பிறகு ஜெனூபா கேட்டபோது, எழுதினாலும் அது கதைத்த மாதிரித்தானே என்றாள் சுபைறா.

மிச்சம் இருந்தது பூனை. அது கேற்றுச் சுவரில் படுத்திருந்தது. சுபைறா திரைக்குப் பின்னால் நின்று, உம்மாவின் அதே குரலில், பூனையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏய் பூன, அந்தப் பாத்தியில கை வெக்காத. அது பூ."

றிஸ்மி நிமிர்ந்தார். மாமியின் குரல் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது அதுதான் முதல் தரம். பூனையைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். மாமி சொன்னதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்ற வேண்டுமென்று ஒரு மண்கட்டியை எடுத்துப் பூனையைத் துரத்தினார். அது ஓடிப்போனதும் திருப்தியோடு குனிந்து, மறுபடியும் அள்ளத் தொடங்கினார்.

சுபைறா பானை மூடியைத் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்தை அவர் தேத்தண்ணி தயார் என்று எடுத்துக்கொண்டு, கை கழுவி, குசினி யன்னலுக்கு வெளியே வந்து அடக்கமாக நின்றார். வேறு வழியில்லாமல் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு பிஸ்கட்டும் வைத்து, கை மட்டும் தெரிய யன்னல் விளிம்பில் வைத்தாள். கொஞ்ச நேரமாவது கிடைத்ததே என்று பார்த்தால், தேத்தண்ணி அவருக்கு இன்னும் வீரியத்தைக் கொடுத்துவிட்டது. பாத்தி மொட்டையானது. அதற்கிடையில் ஒரேயொரு செடியை மட்டும் அவர் விட்டுவைத்தார். அதில் ஒரு மஞ்சள் பூ இருந்தது. அது சாயாமல் இருக்க ஒரு கம்பும் ஊன்றிக் கட்டினார். அது தகரை.

உரப்பையின் வாயைக் கட்டிக் கேற்றுக்கு வெளியே வைத்தார். அதே நேரம் ஒழுங்கை முனையில் குப்பை டிரக்டர் திரும்புகிற சத்தம் கேட்டது.

இனி நினைக்க நேரமில்லை. செல்லத்தங்கத்தின் மஞ்சள் அந்தப் பைக்குள் போகிறது. சுபைறா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோகிற முழங்காலை மறந்து, முன்வளவைக் கடந்து கேற்றடிக்கு வந்துவிட்டாள். றிஸ்மி ஒரு கை தூரத்தில் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டிரக்டரில் இருந்து இறங்கிப் பையைத் தூக்கிய வினோஜைப் பார்த்தாள். பாண்டிருப்புக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். எந்தச் சனியும் அவளிடம் இரண்டு வார்த்தை வாங்காமல் போனதில்லை.

"தம்பி, அந்தப் பேக்கக் கீழ வைங்க. அதுக்குள்ள கிடக்கிறது களையில்ல எண்டு சொல்லுங்க."

"ஆருக்கு ராத்தா?"

"சொல்லுங்களன்."

வினோஜ் சுற்றிப் பார்த்தான். அந்த இடத்தில் றிஸ்மியைத் தவிர வேறு யாரும் இல்லை. "அண்ண, உங்களுக்குக் கேட்டதுதானே?"

"கேட்டது," என்றார் றிஸ்மி தலையைக் குனிந்துகொண்டு. "எண்டாலும் நீங்க சொல்லுங்க."

வினோஜ் பையைக் கீழே வைத்துவிட்டு, இது களையில்லையாம் என்று சொன்னான். அப்ப என்னதாம் என்று றிஸ்மி அவனிடம் கேட்டார். அவ்வளவுதான், கிணற்றில் விழுந்த வாளி மேலே வந்துவிட்டது. அது பத்துமணிப்பூ என்றும், காலையில் மூடிக்கொண்டு கிடப்பது அதன் சுபாவம் என்றும், பத்து மணிக்குத்தான் அதற்கு விடியும் என்றும், அந்த மஞ்சள் காரைதீவிலிருந்து மடியில் வந்தது என்றும் சுபைறா வினோஜை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரு பாவமும் அறியாத வினோஜ் கையைக் கட்டிக்கொண்டு அத்தனை பேச்சையும் கேட்டான். பிறகு திரும்பி, கோபத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் றிஸ்மியிடம் ஒப்படைத்தான்.

றிஸ்மியின் முகம் செத்துப்போயிற்று. "மாமிக்கு முழங்கால் நோவெண்டு முஸ்பிறா சொன்னா. அதான் செஞ்சன் எண்டு சொல்லுங்க."

சுபைறா கோரை போன பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள். முக்காட்டு நுனியைச் சரிசெய்தாள். "கோரை புடுங்கினது நல்லா இரிக்கு எண்டு சொல்லுங்க," என்றாள் வினோஜிடம். "நான் புடுங்கினாலும் அப்புடி வராது."

டிரக்டர் ஓட்டுகிறவர் ஹோர்ன் அடித்தார். ஆனால் கலியாணம் முடிந்த நாள் தொடக்கம் சேர்ந்து கிடந்தது எல்லாம் சுபைறாவின் நாக்கு நுனியில் வரிசையில் நின்றது. ஒன்றையாவது விடாமல் அவளால் போக முடியவில்லை.

"வேறொண்டும் கிடக்கு தம்பி. அவருக்குப் பாவக்காய் புடிக்காதெண்டா வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆக்கி வைக்கிறன். தின்னுற மொகத்த யன்னலால பாக்கேலா."

"வேணாமெண்டா மாமி கவலப்படுவா எண்டுதான் திண்டன்," என்றார் றிஸ்மி வினோஜின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கும் அது புடிக்காது. அவருக்குப் புடிக்குமெண்டு முஸ்பிறாட வாப்பா சொன்னாரு."

இதை வினோஜ் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காகக் குனிந்து பையின் கட்டை அவிழ்த்தான். சந்தி வரைக்கும் இன்னும் குப்பை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு டிரக்டரில் தொங்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் இரண்டு பேருக்கும் ஊமை திரும்ப வந்துவிட்டது. சுபைறா திரைக்குப் பின்னால் போனாள். றிஸ்மி பையைப் பாத்தியோரத்தில் கொட்டி, கோரை வேறு பூச்செடி வேறாகப் பிரித்தார். வெயில் ஏறியது. பிடுங்கிக் கிடந்தது தெரியாமல், நேரத்தை மட்டும் தெரிந்துகொண்டு, அந்தக் குவியல் அப்படியே பூத்தது. சிவப்பும் வெள்ளையும் ஊதாவும், நடுவில் சிவப்புத் தொண்டையோடு அந்த மஞ்சளும். றிஸ்மி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்தார்.

மத்தியானம் சரீப் மீனோடு வந்தபோது மருமகன் பாத்தியில் கயிறு கட்டி, நாற்று நடுகிற மாதிரி வரிசை வரிசையாக ஊன்றிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்ட சரீபுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மார்க்கம் தடுக்காத வாயைக் குப்பை டிரக்டர்தான் திறக்க வேண்டியிருந்ததா என்று கேட்டார். இனிமேல் பாகற்காய் கொண்டுவந்தால் அவரே தனியாகத் தின்ன வேண்டியிருக்கும் என்றாள் சுபைறா.

பத்துமணிப்பூ மண்ணைக் கண்டால் போதும்; பிடித்துக்கொண்டது. பரேட்டுக்கு நிற்கிற பொலிஸ்காரர் மாதிரி வரிசையாகப் பூத்தது. சுபைறாவுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லைதான், ஆனால் ஜெனூபாவின் பெருமூச்சு முன்னதைவிட நீளமாக வந்ததால் விட்டுவிட்டாள். விட முடியாதது தகரைதான். பாத்தியின் நடுவில், கம்போடு கட்டுண்டு, தினமும் றிஸ்மியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு அது காய்க்கத் தொடங்கியிருந்தது. காய் வெடித்தால் அடுத்த மழைக்குத் தோட்டம் முழுவதும் தகரைதான். யாரும் பார்க்காத நேரம் பிடுங்கியெறியலாம். அவர் தன் கையால் கட்டிய கட்டை அவிழ்க்க மனம் வரவில்லை. முஸ்பிறாவிடம் சொல்லியனுப்பினால் அது மாமியாரின் முறைப்பாடாகிவிடும். ஆகவே நாக்கைக் கடித்துக்கொண்டு சனிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. வீட்டில் குப்பை இல்லை. குப்பை இல்லாவிட்டால் டிரக்டர் நிற்காது. சுபைறா இரண்டு தேங்காய் மட்டையைப் பையில் போட்டு, அது நிறைந்து தெரிய மூன்றாவதையும் திணித்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனாள்.

றிஸ்மி அங்கே முன்பே நின்றார். அவருடைய கையிலும் ஒரு பை இருந்தது. காற்றுக்கு அது பறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் மதிலைப் பார்த்தார், அவள் மல்லிகையைப் பார்த்தாள்.

ஒழுங்கை முனையில் திரும்பும்போதே வினோஜ் அவர்களைக் கண்டுவிட்டான். ஓட்டுகிறவரின் முதுகில் தட்டினான்.

"அந்த வீட்டடியில எஞ்சின நிப்பாட்டுங்க அண்ண," என்றான். "கொஞ்சம் சுணங்கும்."