எண்பத்தொரு சென்டிமீட்டர்

ஜெயலக்ஷ்மி மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற வீட்டில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆனால் வங்காளத்து மீன்களில் இருநூற்றுப் பதினேழைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பாள். கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு சொல்லடைவு வருமே, அதைத் தயாரிப்பது அவள் தொழில். வங்காளத் தலைநகரில், டாக்குரியா என்கிற பகுதியில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாகச் செய்கிறாள். ஜாதவ்பூர் பேராசிரியர் ஒருவர் எழுதிய எழுநூறு பக்க மீன் புத்தகம் இப்போது அவள் தலையில் விழுந்திருந்தது.

கையிலிருந்ததோ சின்ன லேப்டாப். பக்கத்தைத் திறந்தால் பட்டியல் மறையும். பட்டியலைத் திறந்தால் பக்கம் மறையும். நாளெல்லாம் மாற்றி மாற்றித் தட்டி, சாயங்காலத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கணவர் சிவராமகிருஷ்ணன் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. காலையில் காபியோடு மானிட்டர் வீடியோ பார்க்க உட்கார்ந்தால் குளிக்கப் பத்தரை ஆகும்.

"முப்பத்திநாலு இஞ்ச், ஜெயா. ரெண்டு பக்கமும் உன் லிஸ்டும் ஒரே திரையில பக்கத்துப் பக்கத்துல நிக்கும். ஓரம் ரெண்டும் உன்னைப் பாத்து வளைஞ்சிருக்கும். கழுத்தைத் திருப்பவே வேண்டாம்."

"அத்தனை பெரிசு கண்ணுக்கு ஆகாதுன்னா."

"கண்ணுக்கு நல்லதுன்னுதான் சொல்றான்."

"கரண்ட் இழுக்கும்."

"உன் மிக்ஸி இழுக்கறதுல பாதி."

"பூஜைக்கு ஆஃபர் போடுவான், அப்ப பாத்துக்கலாமே."

"இப்பவே போட்டிருக்கான்."

அவளுக்கு அந்தத் திரை வேண்டும்தான். மனசுக்குள் ஏற்கெனவே மீன்களை அதில் வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. சொல்ல முடியாத தடை வேறொன்று இருந்தது. அதன் பெயர் ருமா பௌதி. பௌதி என்றால் வங்காளியில் அண்ணி.

மேஜை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. ஜன்னலுக்கு எதிரே, ஒரு ஒடுக்கமான சந்து இடைவெளியில், அடுத்த கட்டிடத்தில் பௌதியின் ஜன்னல். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் நாலு மணிக்கு இரண்டும் திறக்கும். பேச்சு நடக்கும், பாத்திரமும் போய்வரும். மேஜை குறுக்கே இருப்பதால் கை எட்டாது. ஆகவே ஜெயலக்ஷ்மியின் மாமியார் விட்டுப்போன மடிக்கோலின் நுனியில் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரத்தை மாட்டி, கிரில்லில் இருந்த சின்னக் கதவு வழியாக நீட்டுவாள். ஆசாரத்துக்குத் துணி எடுத்த கோல், மீன் சமைக்கிற வீட்டுக்குப் போய்வருவதை மாமியார் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். எலுமிச்சை சாதம் போனால் பாயசம் திரும்பும். எந்தப் பக்கத்திலிருந்தும் பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆசாரம்.

போன வருஷம் பௌதிக்கு முழங்கால் போயிற்று. கணவர் காலமாகிவிட்டார், மகன் கனடாவில். படியிறங்கி ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கு வெளியுலகம் என்று மிஞ்சியது அந்த ஜன்னல்தான். திரையின் அகலம் எண்பத்தொரு சென்டிமீட்டர். ஜன்னலும் ஏறக்குறைய அதே. "அளவெடுத்துத் தச்ச மாதிரி!" என்று சிவராமகிருஷ்ணன் டேப்போடு குதித்தபோது இவளுக்கு அந்த ஜன்னல் அடைபடப் போவதுதான் கண்ணில் நின்றது. பக்கத்து வீட்டு அரட்டைக்காக மானிட்டர் வேண்டாம் என்று ஐம்பத்திரண்டு வயசில் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் ஒரு யுக்தி செய்தார். பரணிலிருந்த வாஷிங் மெஷின் அட்டைப் பெட்டியை வெட்டி, எண்பத்தொரு சென்டிமீட்டருக்கு வளைத்து, மேஜைமேல் நிறுத்தி, இரண்டு அகராதிகளை முட்டுக்கொடுத்தார். "ஒரு வாரம் இது முன்னாடி உக்காந்து பாரு. ஒத்துவரலேன்னா விட்டுடலாம்."

உட்கார்ந்தாள். நாலு மணிக்கு "லொக்கி! ஓ லொக்கி!" என்று குரல் வந்தது. பௌதியின் வாயில் லக்ஷ்மி எப்போதும் லொக்கிதான். ஒரு மீனுக்குப் பக்க எண் பாதியில் நின்றிருந்தது. முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தாள். மறந்தே போனாள். உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கு நாற்பது பக்கம் முடிந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மறுநாள் குரலே வரவில்லை. ஐம்பது பக்கம்.

புதன்கிழமை பௌதி வீட்டில் வேலை செய்யும் மாலதி படியேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை போன தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெயலக்ஷ்மி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நன்றாகத் தேய்த்து, துடைத்து, பளபளவென்று இருந்தது.

பாத்திரத்தைப் பிடித்தபடியே சமையலறையில் நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்று சிவராமகிருஷ்ணன் வந்தார்.

"வெறும் பாத்திரம்னா. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. எனக்கு அந்த மானிட்டர் வேண்டாம். ஜன்னல்தான் வேணும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

அவர் தானே போய் அட்டையை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "நீ சொல்லலேன்னா எனக்கென்ன ஜோசியமா தெரியும்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. உள்ளே டிவி மட்டும் கேட்டது. மூன்றாம் தடவையும் பதில் வராதபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. கிரில்லில் முகத்தை வைத்து, சந்து முழுக்கக் கேட்கும்படி, தன் நல்ல வங்காளியில் கத்தினாள்.

"பௌதி! ஷிங்கியும் மாகூரும் ஒரே மீன்தானே? அப்படியே எழுதிடட்டுமா?"

எந்த வங்காளி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள்? ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஒரே மீனா! அச்சுல வந்தா ஊரே சிரிக்கும்! ஷிங்கி ஒல்லி, கொட்டும். மாகூர் தடிமன். இருபத்திரண்டு வருஷமா உனக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்!" என்று மூச்சு வாங்கினாள் பௌதி. பிறகு கோபம் நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் உன் வேலையைக் கெடுக்கிறேன்னா வாயால சொல்லியிருக்கலாம் லொக்கி. ஜன்னல்ல அட்டையை நிறுத்தி வச்சியே."

ஜெயலக்ஷ்மி எல்லாவற்றையும் கொட்டினாள். மானிட்டர், அளவு, அகராதிகள், கூப்பிட்டும் பதில் சொல்லாமல் இருந்தது வரைக்கும். சாட்சியாக சிவராமகிருஷ்ணன் அட்டையை மறுபடி இழுத்துவந்து காட்டினார். பௌதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எனக்கு அது வேண்டாம் பௌதி. விட்டுட்டோம்."

"ஏன் வேண்டாம்? கழுத்து என் கழுத்தா? மேஜையை இந்த ஜன்னலை விட்டு எடு. இடது சுவரோரம் போடு."

"அங்க பீரோ இருக்கே. பிளக் பாயிண்டும் கிடையாது."

"பீரோவுக்குப் பின்னாலே இருக்கு. உனக்கு டைஃபாய்டு வந்த வருஷம் எலெக்ட்ரீஷியன் வச்சான். நான்தான் இங்கேருந்து பார்த்துக்கிட்டிருந்தேனே. நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுல இருக்கீங்க. ஆனா அந்த ரூமைப் பார்க்கறது நான்தான்."

அன்று சாயங்காலம் பௌதி ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது, கால் பத்திரம், ஆங்" என்று உத்தரவு போட, ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி பீரோவைத் தள்ளினார். பின்னால் ஒட்டடைக்கு நடுவில் பிளக் பாயிண்ட் சமர்த்தாக இருந்தது.

அடுத்த வாரம் திரை வந்தது. பெரிய பெட்டி, பெரிய ஆர்ப்பாட்டம். இடது சுவரோரம் அது வளைந்து நிற்க, இரண்டு பக்கங்களும் பட்டியலும் வரிசையாக நின்றன. ஜெயலக்ஷ்மிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பௌதி தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "இத்தனை பெரிய டிவியில வெறும் எழுத்துத்தானா" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஜெயலக்ஷ்மி சுடச்சுட வெண்பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்து, பழக்கதோஷத்தில் மடிக்கோலைத் தேடினாள். கோலோடு ஜன்னலுக்கு வந்தபோதுதான் கவனித்தாள். நடுவே மேஜை இல்லை. கிரில் வரைக்கும் போய் நிற்க முடிந்தது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சின்னக் கதவு வழியாகக் கையை நீட்டினாள். எதிரிலிருந்து பௌதியும் நீட்டினாள். பாத்திரம் கை மாறியது. பௌதி உடனே விடவில்லை, அவள் விரல்களையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.