நிமிடத்துக்கு நாற்பத்தாறு

போன செவ்வாய்க்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில், "டாக்டரய்யா!" என்று ஒரு குரல். ஓய்வுபெற்ற தோட்ட மருந்தகக்காரனை இன்னும் டாக்டர் என்கிறார்களே என்ற குஷியில் திரும்பினேன். பரமேஸ்வரி. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள்.

குஷி அத்தோடு சரி.

காரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகம் பொறுப்பு. என் மகள் வதனியும் பரமேஸ்வரியும் ஒரே பள்ளி. ஒரே போட்டி... ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். வதனிக்குக் கொழும்பிலிருந்து வரவழைத்த சப்பாத்து, காலையில் முட்டை, பால். பரமேஸ்வரிக்கு? வெறுங்கால். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து மலையுச்சிவரை தினமும் இரண்டு தடவை ஓடி ஏறுவாள். எப்போதும் அவள்தான் முதல். என் மகள் இரண்டாவது. அந்த 'இரண்டாவது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

மாகாணப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்திதான் போகலாம். போகிறவள் ஓடத் தகுதி என்று மருத்துவத் துண்டு கொண்டுவர வேண்டும். துண்டு எழுதுபவன் நான். தோட்டத்தில் என் துண்டுக்கு அப்பீல் கிடையாது.

பரமேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தேன். நாற்பத்தாறு. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன் — நிதானமான, கனமான துடிப்பு. மயக்கம், நெஞ்சுவலி? ஒன்றுமில்லை என்றாள். கடும் பயிற்சியில் பெண்களின் இதயமும் பெரிதாகும், ஒரு துடிப்பிலேயே நிறைய இரத்தத்தைத் தள்ளும், அதனால் ஓய்வில் மெதுவாக அடிக்கும் என்று படித்திருந்தேன். அது நோயல்ல, உழைப்பு. முந்தின நாள்தான் வதனியின் நாடியைப் பார்த்திருந்தேன். எழுபத்தெட்டு.

இதயத்தில்கூடவா தோற்க வேண்டும்?

'இதயம் பலவீனம். ஓடக்கூடாது' என்று எழுதினேன். வதனி போனாள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள்.

"மகளோ? ஓடுறவளோ?" என்று கேட்டேன், பஸ் நிலையத்தில்.

"நல்லாத்தான் ஓடுனாங்கய்யா. இவளுக்கும் என்னைய மாதிரியே நாடி மெதுவா அடிக்குதுன்னு மாஸ்டர் சொன்னாரு. ஒடனே நிப்பாட்டிட்டேன். அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் செத்தே போயிருப்பேனே!"

"அம்மா மேட்டுல உக்காந்து உக்காந்துதான் ஏறுவாங்க. லயத்துல பேரே ஆமை!" என்றாள் மகள், கோபமாக.

"சும்மா இருடி!"

வணக்கம் சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம்...

"பிள்ளை, உன்ரை நெஞ்சிலை ஒரு குறையும் இருக்கேல்லை. என்ரை மகள் போகவேணும் எண்டு நான் பொய் எழுதினனான். இவளை ஒருக்கா ஆஸ்பத்திரியிலை காட்டிப்போட்டு ஓட விடு."

பரமேஸ்வரி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நெஞ்சு தாங்காதுன்னு ரெண்டாவது புள்ளையே வேணாம்னு இருந்துட்டேனுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான்.

அவர்களுடைய பஸ் நகரத் தொடங்கியது. சட்டென்று சேலையைத் தூக்கிப் பிடித்தாள், ஓடினாள். கையில் காய்கறிப் பை. மகளையும் முந்திப் போய்ப் பஸ்ஸைத் தட்டி நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டிய அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? — வதனி ஒருநாளும் இப்படி ஓடியதில்லை!